மெடிக்கல் போய்விடுமோ என்ற பயம்



விமானத்தில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டதும் ஒலிபெருக்கியில் கேப்டனின் குரல் வரும். எத்தனை அடி உயரம், ஊரில் என்ன வெயில், எப்போது இறங்குவோம் என்று சொல்லும். முன்பெல்லாம் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. 2025 ஜூனில் நடந்த அகமதாபாத் ஏர் இந்தியா விமான விபத்துக்குப் பிறகு, அந்தக் குரல் தெளிவாக இருக்கிறதா, நடுங்குகிறதா என்று உற்றுக் கேட்பதாக என்னிடம் வருகிறவர்களே சொல்கிறார்கள். நான் மனநல மருத்துவர். கிளினிக் மீனம்பாக்கத்துக்குப் பக்கம் என்பதால் விமானத்துறைக்காரர்களும் வருவார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நிம்மதியாகக் கண்ணை மூடித் தூங்குங்கள்.

விமானிகளின் மனநலம் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஜெர்மன்விங்ஸ் விபத்து. 2015 மார்ச் 24. பார்சிலோனாவிலிருந்து டுசல்டார்ஃபுக்குப் புறப்பட்ட ஏர்பஸ் 320 விமானத்தில் 150 பேர் இருந்தார்கள். 38,000 அடியில் பறக்கும்போது கேப்டன் சற்று நேரம் காக்பிட்டிலிருந்து வெளியே வந்தார். உள்ளே இருந்த 27 வயதுத் துணை விமானி கதவைப் பூட்டிக்கொண்டு, உயரத்துக்கான குமிழை 100 அடிக்குத் திருப்பிவிட்டார். பத்து நிமிடத்தில் விமானம் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் மோதியது. கடத்தல்காரர்கள் உள்ளே வரக்கூடாது என்று 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பலப்படுத்திய கதவு அது. கேப்டனாலேயே திறக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு வந்த பிரெஞ்சு விசாரணை அறிக்கையில் என்னை உறுத்தியது வேறொரு பகுதி. 2014 டிசம்பரிலிருந்து அந்த இளைஞர் பல மருத்துவர்களைப் போய்ப் பார்த்திருக்கிறார். விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒருவர், மனநல மருத்துவமனையில் சேரும்படி எழுதியே கொடுத்திருக்கிறார். வேலைக்குப் போகக் கூடாது என்ற சான்றிதழ்கள் வீட்டில் கிழிந்து கிடந்தன. பயிற்சிச் செலவுக்காக வாங்கிய 41,000 யூரோ கடன் தலைக்குமேல் இருந்தது. மருத்துவர்களில் ஒருவர்கூட நிறுவனத்துக்கோ விமானத்துறை அதிகாரிகளுக்கோ தகவல் சொல்லவில்லை. நோயாளியின் ரகசியத்தை வெளியிட்டால் தண்டனை என்று ஜெர்மனியில் சட்டம். எந்த அளவு ஆபத்து இருந்தால் சொல்லலாம் என்பதில் அவர்களுக்குத் தெளிவில்லை. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் ரகசியத்தைக் காக்கத்தான் சொல்கிறது. ஆனால் பிறர் உயிருக்கு ஆபத்து என்றால், தேவையான அளவு மட்டும் சொல்ல அது இடம் கொடுக்கிறது.

உடனே, மனச்சோர்வு உள்ள விமானிகளெல்லாம் ஆபத்தானவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மனச்சோர்வு உள்ள ஆசிரியர் மறுநாளும் பள்ளிக்குப் போகிறார், வங்கி ஊழியர் கவுன்ட்டரில் உட்காருகிறார். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் ஒரு தீங்கும் செய்வதில்லை. விமானியிடம் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்று. அவரால் வாயைத் திறந்து சொல்ல முடியாது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரவு எட்டரைக்கு, கடைசி ஆளாக வந்தார். ரிசப்ஷனில் வேறு பெயர் கொடுத்திருந்தார். பணத்தை ரொக்கமாக வைத்தார், ரசீது வேண்டாம் என்றார். நான் மருந்துச் சீட்டை இழுத்ததுமே கையைத் தூக்கிவிட்டார்.

"டாக்டர், மாத்திரை வேண்டாம். எதிலயும் எழுதவும் வேண்டாம். சும்மா பேசிட்டுப் போறேன்."

ஒரு நாள் அதிகாலை மூன்றரைக்கு வாசலில் பிக்கப் வண்டி நிற்கும். அடுத்த நாள் வீடு திரும்பவே நள்ளிரவு தாண்டும். தூக்கம் எப்போது வரும், எப்போது போகும் என்று உடம்புக்கே தெரியவில்லை. மனைவியும் குழந்தையும் கோயம்புத்தூரில். லைசென்ஸ் வாங்க ஆன செலவுக்கு அப்பா வீட்டை அடமானம் வைத்திருந்தார். "சிக் போட்டா எதுக்குன்னு கேப்பாங்க. மனசுன்னு சொன்னா மெடிக்கல் போச்சு. மெடிக்கல் போனா வீடு போச்சு" என்றார். பேசும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். நோய் முற்றியிருக்கவில்லை. நன்றாகத் தூங்கி, சில வாரம் ஓய்வெடுத்து, மனம்விட்டுப் பேசினால் சரியாகிற நிலைதான். அந்தச் சில வாரத்தை வாயைத் திறந்து கேட்க அவருக்குத் தைரியமில்லை.

மெடிக்கல் என்று அவர்கள் சொல்வது முதல் வகுப்பு மருத்துவத் தகுதிச் சான்று. அது கையில் இல்லாமல் விமானத்தைத் தொட முடியாது. அதற்கான படிவத்தில் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா என்று கேட்பார்கள். 'ஆம்' என்று டிக் அடித்தால் அதன் பிறகு விசாரணை, காத்திருப்பு, சம்பள வெட்டு. எங்கள் துறையைத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லித்தருகிற படிவம் அது.

வேலையில் உள்ள கசப்பும் கொஞ்சநஞ்சமில்லை. வேலையை விட வேண்டுமானால் கேப்டன் ஓர் ஆண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2017இல் விதி போட்டது. பிடிக்காத வேலையில் ஓர் ஆண்டு! வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாகவும், இரவில் ஆறு முறை தரையிறங்கலாம் என்றிருந்ததை இரண்டாகவும் மாற்றிய புதிய விதிகள் 2024 ஜனவரியில் வெளிவந்து, 2025 நவம்பரில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. டிசம்பரில் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். இண்டிகோவில் ரோஸ்டர் போட விமானிகள் போதவில்லை, ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. விமான நிலையத்தில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடந்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு கொடுத்தபோது விட்டுக்கொடுத்தது விமானிகளின் தூக்கத்தைத்தான். அந்தத் தூக்கத்தில் நம் பாதுகாப்பும் இருக்கிறது என்று அன்றைக்கு அதிகம் பேர் பேசவில்லை.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். அகமதாபாத் விபத்து நடந்தது ஜூன் 12. நான்கு நாள் கழித்து, ஜூன் 16 அன்று ஒரே நாளில், ஏர் இந்தியாவில் 112 விமானிகள் உடல்நலம் சரியில்லை என்று சொல்லியிருந்தார்கள். நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன தகவல் இது. 'பார்த்தீர்களா, எல்லோரும் பயந்துவிட்டார்கள்' என்று சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அது நல்ல சேதியாகப் பட்டது. கூட வேலை பார்த்தவர்கள் எரிந்துபோன நான்காம் நாள், 'இன்று என்னால் முடியாது' என்று சொல்கிற விமானியை நம்பி நான் ஏறுவேன்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த கதைக்கு வருகிறேன். பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களிடம் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. லைல் பிரவுஸ் என்று ஓர் அமெரிக்க விமானி. வியட்நாம் போரில் பறந்தவர், நார்த்வெஸ்ட் நிறுவனத்தில் கேப்டன். 1990 மார்ச் 8 அன்று, முந்தின இரவின் குடி இறங்காமலே ஃபார்கோவிலிருந்து மினியாபொலிஸுக்குப் பயணிகளை ஏற்றிப் பறந்தார். உடன் இருந்த இரண்டு விமானிகளும் அதே நிலையில்தான். விமானம் பத்திரமாக இறங்கியது, இறங்கியதும் மூவரும் கைதானார்கள். குடிபோதையில் விமானம் ஓட்டியதற்காக அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் தண்டனை பெற்ற முதல் விமானிகள் இவர்கள். பிரவுஸுக்கு 16 மாதச் சிறை. வேலை போனது, லைசென்ஸ்கள் அத்தனையும் போயின. தொலைக்காட்சியில் நகைச்சுவை நடிகர்கள் வைத்து வாங்கினார்கள்.

கதை இங்கே முடியவில்லை. குடியை அடியோடு விட்டார். வெளியே வந்து, ஆரம்பப் பயிற்சி மாணவனைப் போல ஒவ்வொரு லைசென்ஸுக்கும் மறுபடி தேர்வெழுதினார். நார்த்வெஸ்டின் தலைவர் ஜான் டாஸ்பர்க் தன் பொறுப்பில் அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்தார். 1998இல் 747 ஜம்போ விமானத்தின் கேப்டனாக ஓய்வு பெற்றார். தண்டனை கொடுத்த நீதிபதியே ஆதரிக்க, 2001இல் அதிபர் கிளின்டன் மன்னிப்பு வழங்கினார்.

இதை வெறும் தனிமனித வைராக்கியம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1970களிலேயே விமானிகள் சங்கம் முன்கை எடுத்து 'ஹிம்ஸ்' என்றொரு திட்டம் தொடங்கியிருந்தது. குடிக்கு அடிமையான விமானிக்குச் சிகிச்சை, பிறகு ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு, தேறினால் மறுபடி காக்பிட். ஆயிரக்கணக்கானோர் அப்படித் திரும்பியிருக்கிறார்கள். திரும்ப வழி இருக்கிறது என்று தெரிந்ததும் ஒளிந்திருந்தவர்கள் வெளியே வந்தார்கள். ஒரு நிமிடம், இதைக் கவனியுங்கள்: குடிக்கு இந்த வழி 70களிலேயே வந்துவிட்டது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிற விமானி கண்காணிப்போடு பறக்கலாம் என்று அமெரிக்கா ஒப்புக்கொண்டது 2010இல்தான். அதுவும் அப்போது நான்கே மருந்துகளுக்கு.

ஐரோப்பாவில் 2021 பிப்ரவரி முதல் ஒவ்வொரு விமான நிறுவனமும் தன் விமானிகளுக்குச் சக விமானிகளின் ஆதரவுக் குழு ஒன்றை ஏற்பாடு செய்தாக வேண்டும். முதல் அழைப்பை எடுப்பவர் மேலாளரும் இல்லை, என்னைப் போன்ற டாக்டரும் இல்லை. அதே ரோஸ்டரில் கண் விழித்த இன்னொரு விமானி. பேசுவது அவரோடு நிற்கும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே அடுத்த படி. என்னிடம் வந்தவருக்குத் தேவைப்பட்டது அப்படி ஒரு தொலைபேசி எண்தான். நம் டிஜிசிஏவும் 2023இல் மனநலம் பற்றிச் சுற்றறிக்கை விட்டு, இந்த ஏற்பாட்டை வலியுறுத்தியிருக்கிறது.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டிவிட்டார்கள். பயணிகள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை. ஒன்று மட்டும். விமானியின் ஓய்வு நேரம் முடியாததால் விமானம் தாமதம் என்று அறிவித்தால் அடுத்த முறை அந்த கவுன்ட்டர் பெண்ணிடம் சண்டை போடாதீர்கள். டிஜிசிஏவின் அந்தச் சுற்றறிக்கை விதியாகி, அப்படியொரு எண் நம் விமானிகள் ஒவ்வொருவர் போனிலும் சீக்கிரம் ஏற வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதுவரை, அவர்களுக்கும் சரி, கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கும் சரி, அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். மறுபடி சொல்கிறேன், 14416.