எந்தத் தொன்?



வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்ததை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அதன் நீளம் 89 அடி என்பதும் பலருக்குத் தெரியும். “எத்தனை தொன்?” என்று ஒரு சிறுவன் கேட்டால், எந்தத் தொன் என்று அவனையே திருப்பிக் கேட்கவேண்டியவர்களாவோம்.

நம் முன்னோர் கணக்கில் 112 றாத்தல் ஓர் அந்தர். 20 அந்தர் ஒரு தொன். கப்பலை ஏற்றி நிறுக்கத் தராசு ஏது? கடலே தராசு. மிதக்கும் பொருள் தன் பாரத்துக்குச் சமமான நீரை விலக்குகிறது. கடல்நீர் 35 கன அடி ஒரு தொன். 35 அடி நீளமும் 10 அடி அகலமும் உடைய, பெட்டிபோன்ற ஒரு வத்தையை எடுத்துக்கொள்வோம். பாரம் ஏற்ற அது ஓரடி அமிழ்ந்தால் 350 கன அடி நீர் விலகும். ஏறியது பத்துத் தொன், அதாவது 200 அந்தர். வெறுங்கப்பலுக்கும் நிறைகப்பலுக்கும் உள்ள இந்த வித்தியாசமே அது சுமக்கும் பாரம். சரக்கு மட்டுமன்று, எண்ணெய், குடிதண்ணீர், மாலுமிகள் எல்லாம் அதிலடங்கும்.

பதிவுப் பத்திரத்துத் தொன்னோ நிறையே அன்று; இடம். முற்காலத்தில் கப்பல் எத்தனை மதுப் பீப்பாய் கொள்ளும் என்று எண்ணியே வரி விதித்தனர். பீப்பாயின் பெயரே தொன் ஆயிற்று. பின்னர் 100 கன அடி உள்ளிடத்தை ஒரு தொன் என்றனர். டைட்டானிக் கப்பலின் 46,328 தொன் இக்கணக்கே. அது விலக்கிய நீரோ 52,000 தொன்னுக்கு மேல். 1969ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைக்குப் பின் சூத்திரம் மாறிற்று. அளப்பது இன்றும் இடத்தையே.

இனி, எவ்வளவு ஏற்றலாம்? அளவுக்கு மிஞ்சி ஏற்றிய கப்பல்களில் மாலுமிகள் மாண்டது கண்டு பொறாத சாமுவேல் பிளிம்சோல் என்பவர் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் போராடினார். 1876ஆம் ஆண்டுச் சட்டம் கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு இடச் சொல்லிற்று. வேடிக்கை என்னவென்றால், எந்த உயரத்தில் என்று சொல்லவில்லை! முதலாளி விரும்பிய இடத்திற் கோடு. 1890இலேயே அந்த ஓட்டை அடைபட்டது.

நயினாதீவுத் திருவிழாவுக்குக் குறிகட்டுவானில் நெருக்கியடித்து வள்ளம் ஏறுகிறோமே, அங்கேயும் இக்கணக்கு உண்டு. ஆளுக்கு 140 றாத்தல் என்றால் பதினாறுபேர் ஒரு தொன். முன்சொன்ன வத்தையில் 160 பேர் ஏறினால் ஓரடி அமிழும். ஏறுமுன் நீர்மட்டத்தைப் பார்ப்பது நல்லது. ஆனால் மேற்றட்டில் நிற்பவராற் பாரம் உயர்ந்து வள்ளம் சாய இருப்பதை அந்த நீர்மட்டம் காட்டாது.