நெய்தலும் நீச்சலும்: புறாத்தீவுப் பயணத்தை முன்வைத்து



பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் இவ்விழாவில் நெய்தல் திணை குறித்து உரையாற்றுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நெய்தல் என்றதும் நம் நினைவுக்கு வருவது இரங்கல். அத்திணையின் உரிப்பொருள் அதுதான் என்று இலக்கணம் வகுத்துத் தந்திருக்கிறது. பிரிந்த தலைவனை எண்ணி மாலைப்பொழுதில் கானற்சோலையில் கண்ணீர் வடிக்கும் தலைவியை நாம் நன்கு அறிவோம். ஆனால் அதே கடற்கரையில் நம் முன்னோர் விளையாடினார்கள், கூடிக் குளித்தார்கள், மகிழ்ந்தார்கள் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்று அந்த மறுபக்கத்தைப் பேச விரும்புகிறேன். அதற்கு நூல்கள் மட்டும் போதா. ஆகவே, சென்ற ஆவணி மாதத்தில் என் குடும்பத்தார் எண்மர் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு வள்ளத்தில் சென்று நீந்தித் திரும்பிய ஓர் அரைநாளையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்.

முதலில் நூல்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையை எடுத்துக்கொள்ளுங்கள். முழுநிலா நாளில் பரதவர் மீன்பிடிக்கச் செல்வதில்லை. சுறாவின் கொம்பை நட்டு வழிபடுகிறார்கள். தாழை மலர் சூடித் தம் பெண்டிரோடு கூடி உண்டு மகிழ்கிறார்கள். கடலில் ஆடுகிறார்கள், பின்னர் உப்புப் போக ஆற்றுநீரில் படிகிறார்கள், நண்டுகளை அலைக்கழிக்கிறார்கள், அலைகளை மிதித்து விளையாடுகிறார்கள். இன்றைய மொழியிற் சொன்னால் இது ஒரு மீனவக் குடும்பத்தின் விடுமுறை நாள். சிலப்பதிகாரமோ கடலாடு காதை என்று ஒரு காதைக்கே பெயர் சூட்டியது. இந்திர விழா முடிந்ததும் மாதவி கடல் விளையாட்டுக் காண விரும்ப, கோவலன் அவளோடு புகாரின் கடற்கரைக்குப் புறப்படுகிறான். பரிபாடலில் வையைப் புதுவெள்ளத்தில் மதுரை முழுவதும் இறங்கி நீராடுகிறது.

நீரில் ஆடுவது வேறு, நீந்துவது வேறு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். அதற்குப் புறநானூற்றின் 243ஆம் பாட்டு விடை தருகிறது. பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். கோலூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேச இயன்ற ஒரு முதியவர் தம் இளமையை நினைத்து ஏங்குகிறார். எதை நினைத்து? மணற்பாவைக்குப் பூச்சூட்டிய பெண்களோடு கைகோத்து ஆடியதையும், நீர்த்துறையில் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையேறிக் கரையிலிருந்தோர் வியக்க ஆழ்மடுவிற் குதித்து அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்ததையும். முதுமையின் எல்லையில் நின்று, இழந்தவற்றுள் முதலாவதாக அவர் எண்ணியது பொருளையன்று, புகழையன்று, நீர் விளையாட்டை. அவர் செய்ததற்கு நம் நாட்டில் அழகான ஒரு சொல் இருக்கிறது: சுழியோடுதல்.

இனிப் புறாத்தீவு. திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் நிலாவெளி. அதன் கரைக்கு அப்பால் சுமார் ஒரு கிலோமீற்றரில் கடல் நடுவே பெரிதும் சிறிதுமாக இரு பாறைத் தீவுகள் தெரியும். பெரிய தீவின் உச்சி ஏறத்தாழ 45 மீற்றர் உயரம். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் வாழ்வதால் அப்பெயர் பெற்றது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இத்தீவைப் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக வைத்துச் சுட்டார்கள் என்பர். 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசிய பூங்காவாகவும் இது அறிவிக்கப்பட்டது. தீவைச் சுற்றியுள்ள முருகைக்கற்பாறைகளே இதன் செல்வம்.

கிழக்குக் கரையில் வைகாசி தொடங்கி ஆவணி வரை கடல் அமைதியாக இருக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் காற்று நிலத்தைக் கடந்து வருவதால் இங்கே அலையை எழுப்புவதில்லை. கார்த்திகை, மார்கழியில் வாடை திரும்பிவிட்டால் அதே கடல் வேறு கடல். நாங்கள் சென்ற காலை, நீர் குளம்போலக் கிடந்தது. எங்கள் வள்ளத்தின் ஓட்டி ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மீனவர். எட்டுப் பேருக்கும் உயிர்காப்பு அங்கியைத் தாமே கட்டிவிட்டு, முடிச்சை இழுத்துப் பார்த்த பிறகுதான் இயந்திரத்தை முடுக்கினார். கரையிலிருந்து விலக விலக, நிலாவெளியின் வெண்மணலும் அதன் பின்னே பனைகளும் ஒரே கோடாயின. நீரின் நிறம் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறியது. பத்து நிமிடத்தில் தீவின் கரையில் இறங்கினோம். அங்கே காலில் நெருடியவை மணலைவிட, உடைந்து வெளுத்த முருகைக்கல் துண்டுகளே மிகுதி.

எங்களுள் நீந்தத் தெரிந்தவர் மூவர்: நான், என் மருமகன், என் தமக்கையாரின் பேத்தி. பேத்திக்கு வயது பதினொன்று. கொழும்பில் ஒரு நீச்சல் தடாகத்தில் கற்றவள். அவளுடைய தாயாருக்கு நீந்தத் தெரியாது. அறுபத்தெட்டு வயதான என் தமக்கையாருக்கும் தெரியாது. தமக்கையார் திருகோணமலையிற் பிறந்து, அலையோசை கேட்கும் வீட்டில் வளர்ந்தவர். கடலில் அவருடைய கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

நீர்க் கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் அணிந்து முகத்தை நீருக்குள் தாழ்த்தியதும் கண்டவற்றை எப்படிச் சொல்வது? ஆளளவு ஆழந்தான். மான்கொம்பு போலக் கிளைத்தவையும், மூளை போல மடிந்தவையும், மேசை போல விரிந்தவையுமாக முருகைகள். அவற்றினூடே கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் ஓசை காதில் விழுந்தது. முதுகுச் செட்டையின் நுனி மட்டும் கறுத்த சிறிய சுறா ஒன்று எங்களைக் கண்டு விலகிப் போயிற்று.

அந்த அழகினிடையே மனத்தை உறுத்திய காட்சி ஒன்றும் இருந்தது. வேறு வள்ளங்களில் வந்தோர் பலர் முருகைகளின் மேலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் தீயவர்கள் அல்லர். நீந்தத் தெரியாதவருக்கு நீரில் நிற்க ஓர் இடம் வேண்டும். காலுக்கு எட்டியது பாறை என்று எண்ணி ஏறி நிற்கிறார்கள். ஆனால் முருகை என்பது கல்லன்று. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் சுண்ணத்தாற் கட்டிய வீடு. மான்கொம்பு போன்ற வகை ஆண்டுக்குச் சில அங்குலம் வளரும். திரண்டு உருண்ட வகையோ அதைவிட மிக மெதுவாகவே வளரும். 1998இல் கடல் வெப்பமேறி இந்து சமுத்திரமெங்கும் முருகைகள் வெளுத்து மடிந்தபோது திருகோணமலைப் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் தப்பிக்கொண்டன. அவ்வாறு தப்பியவை ஒரு காலடியில் முறிகின்றன. மிதக்கக் கற்றவர் எதையும் மிதிக்க வேண்டியதில்லை. எனவே நீச்சல் கற்பது நம்மைக் காப்பது மட்டுமன்று, கடலையும் காப்பது.

நண்பகலுக்குச் சற்று முன், ஓட்டியோடு பாறை நிழலில் அமர்ந்திருந்தேன். பேத்தி நீந்துவதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "ஐயா, நான் பதினைஞ்சு வயசில கடலுக்கு வந்தனான். என்ட பொடியன்கள் ரெண்டு பேருக்கும் நீந்தப் பழக்கினன். மகளுக்குப் பழக்கல்ல. பொம்பிளப் பிள்ளைதானே எண்டு விட்டுட்டம். சுனாமி அண்டைக்கு அவள் ஒரு தென்னையப் பிடிச்சுத்தான் தப்பினவள். நான் கடலில நிண்டன். கரைக்கு வாறவரைக்கும் அது ஒண்டுதான் மனசில."

2004 டிசம்பர் 26ஆம் நாளை இக்கரையில் எவரும் மறக்கவில்லை. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மடிந்தனர். ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பு, பாதிக்கப்பட்ட பல ஊர்களில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக இறந்ததைச் சுட்டியது. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, இலங்கையில் நீந்தவும் மரமேறவும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்குகிறோம் என்பது. சுனாமியை நீச்சலால் வெல்லலாம் என்று எவரும் சொல்லார். ஆயினும் பெண்ணுக்குக் கற்பிக்காது விட்டதன் விலையை அந்நாள் கணக்கிட்டுக் காட்டியது.

அதற்கு முன்னரே வேறொன்றும் நிகழ்ந்தது. போர் நடந்த ஆண்டுகளில் இக்கடலுக்கு நேரக் கட்டுப்பாடும் அனுமதிச் சீட்டும் இருந்தன. மீன்பிடிக்கவே தடையிருந்த கடலில் யார் விளையாடப் போவார்? 2009இல் போர் முடியும்வரை ஒரு தலைமுறை கடலைக் கரையிலிருந்தே பார்த்து வளர்ந்தது. போர் அச்சத்தைத் தந்தது. சுனாமி அதை உறுதிப்படுத்தியது. பட்டினப்பாலையின் பரதவர் மக்கள் ஆடிய கடல், நம் பிள்ளைகளுக்கு 'அங்கே போகாதே' என்று சொல்லும் இடமாகிவிட்டது.

என் தமக்கையார் அன்று நெடுநேரம் கரையிலேயே இருந்தார். "தம்பி, நான் இங்கயிருந்து பாக்கிறன், நீங்க போங்க" என்றார். பேத்தி விடவில்லை. அங்கியை இறுக்கிக் கட்டி, ஒரு கையை அவளும் மறு கையை ஓட்டியும் பிடித்துக்கொள்ள, பாறையில்லாத மணற்பரப்பில் மார்பளவு நீருக்கு அவரை அழைத்துச் சென்றார்கள். "அம்மம்மா, காலைத் தூக்குங்க. தண்ணி தாங்கும்" என்றாள் பேத்தி. தமக்கையார் மூன்று முறை தூக்கித் தூக்கி ஊன்றினார். நான்காம் முறை ஊன்றவில்லை. வானத்தைப் பார்த்தபடி மிதந்தார். கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. ஆகவே ஆற்றுநீரைவிட அது உடலை நன்கு தாங்கும் என்பது பௌதிகம். அறுபத்தெட்டு ஆண்டுகள் அருகிலிருந்த ஓர் உண்மை அவருக்கு அன்றுதான் உடலாற் புரிந்தது. கரையேறியதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதை ஏன் ஒருத்தரும் எனக்குச் சின்னனில சொல்லித் தரல்ல?"

இந்த அவையின் முன் நான் வைக்க விரும்புவதும் அந்தக் கேள்வியைத்தான்.

திரும்பும்போது ஓட்டி தெற்கே கைகாட்டி, "அந்தப் பக்கம்தான் சாமிமலை" என்றார். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்கள் அம்மலையடியில் கடலுக்குள் கிடக்கின்றன. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அங்கே சுழியோடிச் செதுக்கிய கற்களைக் கண்டு உலகுக்குச் சொன்னார்கள். முந்நூறு ஆண்டுகளாக மேலிருந்து நாம் வணங்கிய கடலின் அடியில் நம் கோயில் இருந்தது. அதைக் காணக் கீழே செல்லத் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தார்கள்.

அன்பர்களே! கடலை அஞ்ச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடலை அறிந்தவனே அதற்குச் சரியாக அஞ்சுவான். வாடைக் காலத்தில் இறங்கலாகாது. அலைகளுக்கிடையே நீர் கடல்நோக்கி இழுத்தால் எதிர்த்துப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்தி விலகவேண்டும். அங்கியின்றி வள்ளத்தில் ஏறலாகாது. இவையெல்லாம் பாட்டும் பழமொழியும் போலப் பிள்ளைகளின் நாவில் இருக்கவேண்டிய அறிவு. 2021இல் ஏறத்தாழ 3,00,000 பேர் உலகெங்கும் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார அமைப்பு கணித்துள்ளது. அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை யூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சல் கற்பிப்பது அவ்வமைப்பு பரிந்துரைக்கும் வழிகளுள் ஒன்று.

இலக்கிய வட்டத்துக்கும் நீச்சலுக்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்கமாட்டீர்கள் என நம்புகிறேன். கடலாடு காதையை வகுப்பில் மனப்பாடம் செய்த பெண்பிள்ளை கடலில் கால் வைக்க அஞ்சினால், அவள் கற்ற நெய்தல் ஏட்டளவில் நிற்கும். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டம், நெய்தற் பாடல்களுக்கென நடத்தும் அடுத்த கருத்தரங்கைக் கடல் அமைதியாக இருக்கும் மாதத்தில் ஒரு கடற்கரையிலேயே நடத்தட்டும். காலையில் பாடல்; மாலையில், தக்க பெண் ஆசிரியர் ஒருவரின் துணையோடு, நம் பெண்பிள்ளைகளுக்கு மிதக்கவும் நீந்தவும் முதற்பாடம். விரும்பும் தாய்மாரும் பாட்டிமாரும் சேர்ந்துகொள்ளட்டும். முதலாவதாகப் பெயர் தர என் தமக்கையார் இசைந்திருக்கிறார் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறேன்.