ஆற்றைக் கழுவிய கைகள்



நகரத்து ஆறுகளைப் பற்றி இவ்வரங்கில் எத்தனையோ கவிதைகள் வாசிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை இரங்கற்பாக்கள். ஆறு செத்துவிட்டது என்று அறிவித்து, அழுது, முடிந்துவிடுகின்றன. இரங்கலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், இறந்துவிட்டது என்று நாமே சொல்லிவிட்ட ஒன்றுக்கு மருத்துவம் பார்க்க எவர் முன்வருவார்? ஆற்றின் நோயைப் பொதுமக்கள் உணரும்படி செய்யும் கலை வேறு எவ்வாறு அமையலாம் என்பதற்குச் சீனத்துச் செங்டு நகரில் நிகழ்ந்ததைச் சான்றாகக் காட்ட விரும்புகிறேன்.

செங்டு, மின் ஆற்றால் வாழும் ஊர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் லி பிங் என்னும் ஆளுநர் அமைத்த துச்சியாங்யான் பாசனக் கட்டமைப்பு அவ்வாற்றைப் பிரித்துச் சமவெளிக்கு வழங்கியது, இன்றும் வழங்குகிறது. அத்தகைய நீர்மரபு கொண்ட நகரில்தான் ஃபூ, நான் என்னும் இரண்டு ஆறுகளும் தொழிற்சாலைக் கழிவாலும் வீட்டுச் சாக்கடையாலும் சீரழிந்தன.

1995ஆம் ஆண்டு, அமெரிக்கச் சிற்பி பெட்சி டேமனின் முயற்சியால் கலைஞர்கள் பலர் அங்கு ஆற்றங்கரையில் கூடினர். அவர்களுள் ஒருவர் பெய்ஜிங்கைச் சேர்ந்த யின் சியுச்சென் என்னும் பெண் கலைஞர். அவர் ஆற்றின் அழுக்கு நீரை 10 கன மீட்டர் அளவுக்குப் பனிக்கட்டிகளாக உறையவைத்துக் கரையில் அடுக்கினார். நல்ல நீரையும் தேய்ப்பதற்கான பிரஷ்களையும் வைத்து, வழிப்போக்கரைக் கழுவ அழைத்தார். கட்டிகள் உருகிக் கரையும்வரை மக்கள் கழுவினர். அழுக்கோ மேலே படிந்ததன்று, உள்ளே உறைந்தது. தேய்த்துப் போக்க இயலாதது. அதனைச் சொற்பொழிவு சொல்லவில்லை. அவரவர் கைகளே அவரவர்க்குச் சொல்லின.

கலை அத்துடன் நின்றுவிடவில்லை. 1998இல் டேமனும் நிலவடிவமைப்பாளர் மார்கி ரடிக்கும் சீன வல்லுநர்களுடன் இணைந்து 'உயிர்நீர்ப் பூங்கா'வை மீன் வடிவில் உருவாக்கினர். ஆற்றிலிருந்து ஏற்றப்பட்ட நீர் முதலில் குளத்தில் தேங்கும். கசடு அடியில் தங்கும். பின்னர்க் கிண்ணங்கள் போன்ற சிற்பங்களின் வழியே சுழன்று இறங்கி உயிர்வளி பெறும். அடுத்து நாணல் முதலிய நீர்த்தாவரங்களின் பாத்திகளில் பரவும்; வேர்களை ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும். இறுதியில் குழந்தைகள் கால் நனைத்து விளையாடும் நீராகி, மீண்டும் ஆற்றைச் சேரும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கன மீட்டர் நீர் அங்கே தூய்மையுற்றது. ஓர் ஆற்றுக்கு இது துளியே. ஆற்றைத் தூய்மையாக்குவதன்று, தூய்மையாகும் வழியைப் படிப்படியாகக் காட்டுவதே அப்பூங்காவின் பணி.

மற்றொன்றையும் மறைக்கலாகாது. செங்டு ஆறுகளின் சீரமைப்பின்போது கரையோரம் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் வேறிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. அவர்களை மறந்துவிட்டுக் கரையின் அழகை மட்டும் கொண்டாடும் கலை பாதி உண்மையையே பேசும்.

இவை நமக்கு அயலானவை அல்ல. பரிபாடலின் வையைப் பாடல்களை நினைவுகூருங்கள். அங்கே மக்கள் கரையில் நின்று பார்ப்பதில்லை; ஆற்றில் இறங்குகின்றனர். நீராடுவோரின் கள்ளும் மணப்பொருளும் கலந்து நீரின் இயல்பு மாறியதால் அந்தணர் நீராடாது விலகினர் என்னும் செய்தியும் அங்குண்டு. கொண்டாட்டத்திற்கு நடுவிலும் நீரின் மாற்றத்தைக் கண்டு, அதற்குக் காரணம் எதுவென்றும் சொன்ன கண் அப்புலவர்களுக்கு இருந்தது. நம் இரங்கற்பாக்களில் நான் காணாது வருந்துவது அந்தக் கண்ணைத்தான்.

எனவே ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். நம் அடுத்த கவியரங்கத்தை ஆற்றங்கரையிலேயே நடத்துவோம். பாட வருவோர் தத்தம் தெருச் சாக்கடை எவ்விடத்தில் ஆற்றில் கலக்கிறது என்பதை நடந்து சென்று கண்டுவரட்டும். கேட்க வருவோரையும் அவ்விடத்திற்கு அழைத்துச் செல்வோம். அதன்பின் எழுதும் கவிதையில் கண்ணீர் இருந்தாலும் இருக்கட்டும். அந்தச் சாக்கடையின் வாயும் அதில் இடம்பெறட்டும்.