ஒரு துளி இரத்தம் சொல்வதும் சொல்லாததும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பாகூர் கல்விக்குப் பெயர் பெற்ற ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், இங்கே ஒரு வித்தியாஸ்தானம் இருந்தது. அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன என்று பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. மறை வல்லோர்க்கு உரிய கல்விச்சாலை அது. அந்த மூன்று ஊர்களின் கழனியில் உழைத்தவர்களுக்கு அக்கல்வியில் பங்கு இருந்திராது. கழனியில் உழைத்தவர்களின் பிள்ளைகள் தாமே கூடி ஒரு கல்விச் சங்கம் கண்டு, அதற்கு இருபத்தைந்தாம் ஆண்டு விழாவும் எடுக்கிறோம் என்றால், அஃது எளிய செய்தியன்று. ஆகவே கல்வியின் பெருமையைப் புகழ்ந்துவிட்டு அமர்ந்துவிட எனக்கு விருப்பமில்லை. கற்ற கல்வி நம் கழனிக்கு என்ன செய்யும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்ல விரும்புகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "மூளையின் நிலையை இரத்தத்தால் அறிய முடியுமா?" என்பது. ஆய்வுக்கூடத்தில் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிப்பதே தொழிலாகக் கொண்டவன் நான். எனினும் இக்கேள்வி ஆய்வுக்கூடத்திற்குள் நுழைவதற்கு முன்பே என்னைத் தொட்ட கேள்வி.

நான் பள்ளியில் படித்துக் கொண்டிருந்தபோது ஒரு நாள் மாலை என் தந்தையார் வயலில் மருந்தடித்துவிட்டு வீடு திரும்பினார். கால்கள் தள்ளாடின. உடல் முழுதும் வியர்வை. வாயில் எச்சில் ஒழுகியது. சொல் குழறியது. தெருவில் பார்த்தவர்கள், "குடித்துவிட்டு வருகிறான்" என்றார்கள். சாராயத்தைத் தொட்டறியாதவர் அவர். இரவு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, மாட்டு வண்டியில் தூக்கிச் சென்றோம். போய்ச் சேர்ந்த இடத்திலும் முதலில் கேட்ட கேள்வி, "எவ்வளவு குடித்தார்?" என்பதே. பின்னர் வந்த ஒரு மருத்துவர் விளக்கைப் பிடித்து அவருடைய கண்ணைப் பார்த்தார். கண்மணி குண்டூசி முனைபோலச் சுருங்கியிருந்தது. "இது குடியன்று, பூச்சிமருந்து" என்றார். தந்தையார் பிழைத்தார். ஆனால் "குடித்துவிட்டு வருகிறான்" என்ற அந்தச் சொல் இன்றும் என் செவியில் இருக்கிறது. அன்று ஒரு துளி இரத்தம் பேசியிருந்தால் அச்சொல் எழுந்திராது.

அந்தத் துளி என்ன பேசியிருக்கும்? அதைப் புரிந்துகொள்ள, நரம்பு எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்றே காண்போம்.

ஒரு நரம்பணுவும் அடுத்த நரம்பணுவும் ஒட்டியிருப்பவை அல்ல. இடையே கண்ணுக்குப் புலனாகாத ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைக் கடந்து செய்தியைக் கொண்டு சேர்ப்பவை சில வேதிப்பொருள்கள். அவற்றை நரம்புணர்வு கடத்திகள் என்கிறோம். டோபமின், செரடோனின், அசிட்டைல்கோலின் ஆகியவை அவற்றுள் சில. 1921ஆம் ஆண்டில் ஓட்டோ லோவி என்னும் அறிஞர், துடித்துக் கொண்டிருந்த ஒரு தவளையின் இதயத்தில் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயத்தை நனைத்திருந்த நீரை எடுத்து மற்றொரு தவளையின் இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலே இரண்டாம் இதயமும் துடிப்பில் தளர்ந்தது. நரம்பின் செய்தி நீரில் கரைந்து வந்திருந்தது! அப்பொருளே அசிட்டைல்கோலின். இந்த ஆய்வுக்காக 1936இல் லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அப்படியானால், நம் இரத்தத்தையோ சிறுநீரையோ எடுத்து, மூளையில் செரடோனின் இவ்வளவு, டோபமின் இவ்வளவு என்று அளந்துவிடலாமே என்று தோன்றும். அவ்வாறு சொல்லிப் பணம் பெறும் சோதனைகளும் உலகில் விற்கப்படுகின்றன. மனச்சோர்வு, தூக்கமின்மை, பிள்ளையின் படிப்புக் குறைவு ஆகிய அனைத்திற்கும் இதிலேயே விடை உண்டு என்பார்கள். நம்பாதீர்கள். இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே இயற்கை ஒரு காவல் வைத்திருக்கிறது. இரத்தத்தில் உள்ள பொருள்கள் எல்லாம் மூளைக்குள் புகா. உடலில் உள்ள செரடோனினில் மிகப் பெரும்பகுதி, நூற்றுக்குத் தொண்ணூறு அளவில், குடலில் உண்டாவது. இரத்தத்தில் அதை அளந்தால் நாம் அறிவது குடலின் செய்தியே அன்றி மனத்தின் செய்தியன்று.

சிறுநீரில் இப்பொருள்களின் சிதைவுகளை அளப்பது பயனற்றது என்று கூறவில்லை. சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியில் தோன்றும் ஒருவகைக் கட்டியைக் கண்டறிய அச்சோதனை பெரிதும் உதவுகிறது. மூளைக்குச் சற்று அருகில் செல்ல வேண்டுமாயின், முதுகெலும்புகளின் இடையே ஊசி செலுத்தி மூளைத் தண்டுவடத் திரவத்தை எடுக்க வேண்டும். 1891இல் ஜெர்மானிய மருத்துவர் குவிங்கே வகுத்த முறை அது. மருத்துவமனையில், தக்க காரணம் இருந்தால் மட்டுமே செய்யத் தக்கது. ஒருவருடைய மனத்துயரத்தையோ அறிவின் அளவையோ காட்டும் இரத்தச் சோதனை ஏதும் இல்லை. "இரத்தத்திலேயே அறிவு ஊறியது" என்று தம் குலத்தைப் பற்றிச் சொல்லிக் கொள்வோர்க்கும் விடை இதுவே.

எனினும் ஒரு சாளரம் திறந்திருக்கிறது. அந்தச் சாளரம் நம்முடைய வயலை நோக்கித் திறந்திருக்கிறது.

அசிட்டைல்கோலின் தன் செய்தியைச் சொன்னவுடன் அகற்றப்பட வேண்டும். இல்லையேல் தசை ஓயாது துடிக்கும். அதை நொடிப்பொழுதில் சிதைப்பது கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. பாய்ச்சல் முடிந்ததும் மடையை அடைக்கும் ஆள் போன்றது அது. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகள் அந்த ஆளின் கையைக் கட்டிவிடுகின்றன. மடை திறந்தே கிடக்கிறது, வெள்ளம் பெருகுகிறது. வியர்வை, எச்சில், கண்ணீர், வாந்தி, சுருங்கிய கண்மணி, தசைத் துடிப்பு, இறுதியில் மூச்சுத் திணறல் ஆகியவை எல்லாம் அந்த வெள்ளத்தின் அடையாளங்கள். பூச்சியைக் கொல்லும் வழியும் இதுவே, மனிதனைக் கொல்லும் வழியும் இதுவே. இந்த நஞ்சுக்கு நாம் வைத்திருக்கும் பெயரோ "மருந்து"!

நரம்பிடையே உள்ள இந்த நொதியை ஊசி கொண்டு எடுத்துப் பார்க்க இயலாது. ஆனால் அதே நொதி நம் சிவப்பணுக்களின் மேலும் அமைந்திருக்கிறது. அதற்கு உறவான மற்றொரு நொதியைக் கல்லீரல் உண்டாக்கிப் பிளாஸ்மாவில் விடுகிறது. நஞ்சு இவற்றையும் கட்டுகிறது. ஆகவே கையில் எடுத்த சிறிது இரத்தம், நரம்பில் நடப்பதைப் பெருமளவு எடுத்துரைக்கிறது. 1961இல் எல்மன் என்பவரும் உடன் ஆய்ந்தோரும் வகுத்த முறைப்படி, இரத்தத்தோடு சில பொருள்களைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் தோன்றும். நொதி உயிர்ப்போடு இருந்தால் நிறம் விரைந்து ஏறும். கட்டுண்டிருந்தால் நிறம் ஏறத் தயங்கும். நிறம் ஏறும் வேகத்தை அளந்தால் நொதியின் வலிமை தெரியும். அவ்வளவே.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இளைஞர்கள் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும். இந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். ஓர் ஆய்வுக்கூடம் 5,000 முதல் 12,000 அலகு வரை இயல்பு என்று குறிப்பதாகக் கொள்வோம். நலமாயிருக்கும்போது 11,000 உள்ள ஒருவருக்கு, மருந்தடித்தபின் 5,500 ஆகிவிட்டது. பாதி போய்விட்டது, ஆனால் சோதனைத் தாளில் "இயல்பு" என்றே வரும். ஆதலின் பிறருடைய அளவோடு ஒப்பிடுவதால் பெரும்பயன் இல்லை. மருந்தைத் தொடாத நாள்களில் ஒருமுறை அளந்து, அதுவே தம் அளவு என்று ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1974 முதல் இம்முறை சட்டமாயிற்று. தன் அளவில் நூற்றுக்கு எண்பதாகக் குறைந்தால், வேலை செய்யும் முறையை ஆராய வேண்டும். சிவப்பணு நொதி எழுபதாகவோ, பிளாஸ்மா நொதி அறுபதாகவோ குறைந்தால், அத்தொழிலாளியை மருந்து வேலையிலிருந்து விலக்க வேண்டும். மீண்டும் எண்பதுக்கு ஏறிய பின்னரே திரும்ப அழைக்க வேண்டும். பிளாஸ்மா நொதி சில வாரங்களில் தேறும். சிவப்பணுவின் ஆயுளோ ஏறத்தாழ 120 நாள். புதிய அணுக்கள் பிறந்தாலன்றி அந்த நொதி முழுதும் மீளாது. இன்று அடித்து, அடுத்த வாரம் வேறொருவர் வயலில் மீண்டும் அடிப்பவரின் உடல், கடன் அடையுமுன் மறுகடன் வாங்குகிறது.

நம் நாட்டில் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1958இல் கேரளத்தில், கப்பலில் பாரத்தியான் நஞ்சு கசிந்து கலந்த மாவை உண்டு நூறு பேருக்கு மேல் மாண்டனர். அதன் விளைவுகளின் வழியே 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. 1971இல் அதன் விதிகள் வகுக்கப்பட்டன. அவ்விதிகளில் 37ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். பூச்சிக்கொல்லி தயாரிக்கும் ஆலைகளில், இவ்வகை நஞ்சுகளோடு பணிபுரிவோருக்கு மாதந்தோறும் இரத்தக் கோலினெஸ்டரேஸ் அளக்கப்பட வேண்டும் என்கிறது. தெளிப்பு வேலையில் ஈடுபடுவோருக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை நடத்திப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு மாதம் ஒருமுறை கிடைக்கும் இரத்தச் சோதனையை, அதே நஞ்சை வெயிலில், காற்றில், வெறுங்காலோடு தெளிப்பவருக்கு விதி பெயர் சொல்லித் தரவில்லை. விதி தந்த ஆண்டுச் சோதனையையாவது நம் தெருவில் யாரேனும் கண்டதுண்டா? நாள் கூலிக்குச் செல்பவருக்குப் பதிவேடு ஏது?

இதன் விலையை நாடு கண்டது. 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனை சேர்ந்தனர். 2018இல் மைய அரசு வெளியிட்ட ஆணையால் மீத்தைல் பாரத்தியானும், 2020 இறுதியோடு போரேட், டைகுளோர்வாஸ் போன்றனவும் தடை செய்யப்பட்டன. தடை நன்று, ஆயினும் இவ்வினத்தைச் சேர்ந்த பிற நஞ்சுகள் கடைகளில் உள்ளன.

இலங்கையின் பேராதனையில் பணியாற்றிய சேனநாயக்க, கரலியத்த என்னும் மருத்துவர்கள் 1987இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். நஞ்சுண்ட நோயாளி தேறிவிட்டதாகத் தோன்றும் வேளையில், ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள், கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் திடீரெனத் தளரலாம் என்பது அது. ஆகவே, "எழுந்து உட்கார்ந்துவிட்டார், கூலி வேலை போகிறது" என்று நோயாளியை மருத்துவர் சொல்லுமுன் வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். படுத்திருப்பவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்றால், உடனே மருத்துவரை அழையுங்கள்.

இச்சோதனையின் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் என்னும் இரு வகை நஞ்சுகளையே இது காட்டும். களைக்கொல்லிகளையும் பிற வகைகளையும் காட்டாது. கார்பமேட் வகையில் நொதி விரைவில் மீண்டுவிடுவதால், காலம் தாழ்ந்து எடுத்த இரத்தம் ஒன்றும் சொல்லாது. கல்லீரல் நோய், ஊட்டக் குறைவு, கருவுற்ற நிலை ஆகியவற்றாலும் பிளாஸ்மா நொதி குறையலாம். ஆகவே தாளை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாமே தீர்ப்பெழுதக் கூடாது. நஞ்சேறியதன் குறி தெரிந்தால், சோதனைக்காகக் காத்திராமல் உடையைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அட்ரோபின் ஊசி உடனே உயிர் காக்கும்.

இனி நாம் செய்யக் கூடியது என்ன? சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, சம்பாப் பட்டத்தில் தெளிப்பு தொடங்குமுன், நம் ஊர்களில் மருந்தடிப்பவர்களின் பெயர்ப் பட்டியலை மாணவர்கள் எழுத வேண்டும். மருந்தடித்த வயலில் மறுநாளே களையெடுக்க இறங்கும் தாய்மார்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும். அப்பட்டியலோடு சுகாதாரத் துறையையும் வேளாண் துறையையும் அணுகி, முதல் அளவு எடுக்கக் கேட்க வேண்டும். 37ஆவது விதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். இரந்து கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது, அந்தத் தாளைப் பிறப்புச் சான்றிதழ்போல வீட்டில் காக்க வேண்டும்.

மூன்றாவது, புட்டியின் மேலுள்ள முக்கோண அடையாளத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். சிவப்பு கொடிய நஞ்சு; அடுத்தது மஞ்சள்; பின்னர் நீலம்; கடைசியில் பச்சை. பச்சையும் நஞ்சே. புட்டியை வீட்டிற்குள் வைக்காதீர்கள். சினமோ துயரமோ மிகுந்த ஒரு நொடியில் அது கைக்கெட்டும் தொலைவில் இருத்தலாகாது.

அன்பு இளைஞர்களே! உங்கள் தந்தையார் வயலிலிருந்து தள்ளாடி வரும் ஒரு மாலையில், தெரு ஒன்று சொல்லும். நீங்கள் அருகே சென்று அவர் கண்ணைப் பாருங்கள். கற்ற கல்வி அந்த நேரத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதற்காகவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தது. அது மேலும் வளர்க என வாழ்த்தி, என் உரையை நிறைவு செய்கிறேன்.