போர்க்களமான உணவு மேசை

காகிதம் சுற்றிக் கயிற்றால் கட்டிய ஒரு ஜின் புட்டி. முட்கரண்டி பாய்ந்த ஓர் ஆப்பிள். காய்ந்த ரொட்டித் துண்டு. ஒரு பழைய காலணி. ஸ்பெயினின் கட்டலோனியாவில் பிறந்த ஓவியர் ஜோவான் மிரோ, 1937 ஜனவரி 24 அன்று பாரிஸ் நகரில் வரையத் தொடங்கிய ஓவியத்தில் உள்ள பொருட்கள் இவ்வளவே. போர்வீரன் இல்லை, துப்பாக்கி இல்லை. ஆயினும் அது போரின் ஓவியம்.

1936 பிப்ரவரித் தேர்தலில் ஸ்பெயின் மக்கள் முன்னணியை வெற்றிபெறச் செய்தனர். ஜூலையில் பிராங்கோ உள்ளிட்ட தளபதிகள் குடியரசுக்கு எதிராகக் கலகத்தில் இறங்கினர். ஹிட்லரும் முசோலினியும் அவர்களுக்கு விமானங்களையும் படைகளையும் அனுப்பினர். அவ்வாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் சென்ற மிரோவால் நாடு திரும்ப இயலவில்லை.

மேசையின் மீது பொருட்களை வைத்துப் பார்த்து வரைவது ஐரோப்பிய ஓவியத்தின் நெடிய மரபு. வசதி படைத்தோர் வீட்டுக் கனிகளையும் வெள்ளிப் பாத்திரங்களையும் அம்மரபு மிகுதியாகக் கொண்டாடியது. மிரோவின் மேசையில் இருப்பதோ ஏழையின் உணவு. கருமை சூழ்ந்த பின்னணியில் மஞ்சளும் பச்சையும் சிவப்பும் தீப்பற்றியவை போல ஒளிர்கின்றன. முட்கரண்டி ஆயுதமாகிறது, ரொட்டித் துண்டு மண்டையோட்டை நினைவூட்டுகிறது. அவர் தீட்டிக்கொண்டிருந்தபோதே, ஏப்ரல் 26 அன்று, பாஸ்க் நகரமான குவெர்னிகாவின் மீது பாசிச விமானங்கள் குண்டு பொழிந்தன. மே 29 அன்று ஓவியம் நிறைவுற்றது.

காலணியும் ரொட்டியும் போராட்டத்திற்கு எவ்வாறு உதவும் என்ற கேள்வி எழக்கூடும். அதே ஆண்டில் மிரோ, ‘ஸ்பெயினுக்கு உதவுங்கள்’ என்னும் சுவரொட்டியையும் படைத்தார். அதில் கட்டலோனிய விவசாயி முஷ்டியை உயர்த்துகிறார். பாரிஸ் உலகக் கண்காட்சியில் குடியரசு அமைத்த அரங்கிற்காக, கலகம் செய்யும் விவசாயியைப் பெரும் சுவரோவியமாகவும் தீட்டினார். அச்சுவரோவியம் பின்னர் காணாமற்போனது. மேசை ஓவியமோ இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

சுவரொட்டி உதவி கேட்டது. எவருக்காக அந்த உதவி என்பதை மேசை காட்டியது. பாசிசம் முதலில் பறிப்பது உழைப்பவரின் ரொட்டியையும், அவர் அச்சமின்றி உண்ணும் வேளையையும்தான். ஆகவே, முழக்கம் இல்லை என்ற காரணத்திற்காக ஒரு படைப்பை அரசியலற்றது என ஒதுக்கிவிடலாகாது. அது யாருடைய மேசையைக் காட்டுகிறது என்று பார்ப்பதே நம் கலை விமர்சனத்தின் முதற்கடமை.