எழுதி வைத்த வஸிய்யத்தை எடுத்துப் பாருங்கள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வஸிய்யத் எழுதாதவர்களுக்கு ஹஸ்ரத் அவர்கள் ஜும்ஆ பயானில் பலமுறை எடுத்துரைத்துள்ளார்கள். நான் பேச வந்திருப்பது, என்றோ எழுதிப் பீரோவில் பூட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களிடம்.

ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் கடும் நோயுற்றபோது, தமக்கு வாரிசு ஒரே மகள்தான் என்று கூறி, பொருளில் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய நாடினார்கள். நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே இசைந்து, அதுவே அதிகம் என்றார்கள். இந்தச் செய்தியை நாம் அனைவரும் அறிவோம். அதற்குப் பின் நடந்ததை அதிகம் பேசுவதில்லை. ஸஅத் (ரலி) அவர்கள் நலம் பெற்றார்கள், நெடுங்காலம் வாழ்ந்தார்கள், காதிஸிய்யாப் போரில் படை நடத்தினார்கள், ஆண்மக்களும் பிறந்தனர். இந்த ஹதீஸை அவர்களிடமிருந்து அறிவிப்பவரே ஆமிர் என்னும் அவர்களுடைய மகன்தான்! நோய்ப்படுக்கையில் எண்ணிய பங்கீடு, பிறகு அமைந்த குடும்பத்துக்குப் பொருந்தியிருக்குமா?

வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பது நாமறிந்த சட்டம். மற்ற வாரிசுகள் இசைந்தாலன்றி அது செல்லாது. ஆனால் ஒருவர் வாரிசா இல்லையா என்பது எழுதிய நாளில் தீர்மானிக்கப்படுவதன்று. எழுதியவர் மௌத்தாகும் நாளில்தான் தீர்மானிக்கப்படும். மகன் இருக்கிறானே என்று உடன்பிறந்த தம்பிக்கு ஒருவர் எழுதுகிறார். மகன் முந்திவிட்டால், மகள் மட்டும் எஞ்சிய நிலையில் அந்தத் தம்பியே வாரிசாகிவிடுவார், வஸிய்யத் தடைபடும். எழுதப்பட்டவர் முன்னதாகவே இறந்துவிட்டாலும் அது வீணாகிவிடும்.

ஒரு குடும்பத்துப் பாகப்பிரிவினையில் அடியேனும் அமர்ந்திருந்தேன். பெரியவர் 1996இல் மூன்றில் ஒரு பங்கை ஏழைத் தம்பிக்கு எழுதியிருந்தார். தம்பி 2004இல் வஃபாத்தானார். மூத்த மகன் 2009இல் விபத்தில் மௌத்தானார். பெரியவர் 2012இல் கண்மூடினார். தாள் அதே தாள்தான். மூத்தவரின் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. ஏனெனில் மற்றொரு மகன் உயிரோடிருக்கையில், தந்தையை இழந்த பேரப்பிள்ளைகள் வாரிசாவதில்லை. சாச்சாவிடம் மன்றாடினோம். "ஷரீஅத் கொடுத்ததைத்தானே எடுக்கிறேன்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. எங்களிடம் பதிலும் இல்லை.

கடனும், கொடுபடாத மஹரும், மய்யித்துச் செலவும் போக மிச்சம் 72 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்றான 9 லட்சம், மகனுக்கு 42, மகளுக்கு 21. பேரப்பிள்ளைகளுக்கு மூன்றில் ஒரு பங்கு எழுதியிருந்தால் அவர்களுக்கு 24 லட்சம் கிடைத்திருக்கும். மனைவிக்கு 6, மகனுக்கு 28, மகளுக்கு 14. மூத்த மகன் உயிரோடிருந்திருந்தால் அவர் பங்கு 25 லட்சத்து 20 ஆயிரம். மார்க்கம் வகுத்த வரம்புக்குள்ளேயே, இழந்த பங்கை ஏறக்குறைய ஈடுகட்ட வழியிருந்தது! எகிப்தில் 1946ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பேரப்பிள்ளைகளுக்கு வஸிய்யத்தைக் கட்டாயமாக்கியது. பாகிஸ்தானில் 1961இல் வேறு வகையில் வழி செய்தார்கள். நம் நாட்டில் அப்படியொன்றும் இல்லை. பாட்டனார் எழுதினால்தான் உண்டு.

மாற்றி எழுதுவது கடினமன்று. உயிருள்ளவரை வஸிய்யத்தை ரத்துச் செய்யலாம், பிந்தியதே நிற்கும். முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமன்று. ஆயினும் முந்தியதைப் பதிவு செய்திருந்தால் பிந்தியதையும் பதிவு செய்து, முந்தியது ரத்து என்று தெளிவாக எழுதுங்கள். இரு சாட்சிகளை வையுங்கள். எழுதிய மனையை விற்றுவிட்டால் அந்த வாசகமும் போயிற்று என்பதை மறவாதீர்கள். (அடியேனின் பழைய தாளில் விற்றுப் பதினோராண்டான தோப்பு ஒன்று இன்னும் காய்த்துக்கொண்டிருந்தது!)

வங்கி நியமனதாரர் பெயரையும் பாருங்கள். 2025 நவம்பர் முதல் நால்வர் வரை நியமிக்கலாம். நியமனதாரர் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவரே, உரிமையாளர் அல்லர்.

நிகாஹ், பிறப்பு, தலாக், மௌத், வீடு வாங்கல், விற்றல் – இவற்றில் ஏதேனும் நிகழ்ந்த வீட்டார், இந்த ஷஃபான் மாதத்திற்குள் அந்தத் தாளை வெளியே எடுங்கள். பங்குக் கணக்கை ஹஸ்ரத் அவர்களிடமும், வாசகத்தை வழக்கறிஞரிடமும் காட்டுங்கள். தாள் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.