முதியோருக்கும் ஒரு பந்தாட்டக் களம்

(குமணன்சாவடியில், சுற்றுப்புற ஊராட்சிகளைச் சேர்ந்த முதியோர் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். அந்தப் பெயரைத் தாங்கிய இவ்வூரில் இளைப்பாறுதலைப் பற்றிப் பேசுவதே பொருத்தமாகும். ஆனால் நான் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என் தந்தையார் பள்ளி ஆசிரியராயிருந்தவர், பூப்பந்தாட்டத்தில் வல்லவர். 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகும் மாலையில் திடலுக்குச் சென்று வந்தார். ஒருநாள் இளைஞர் ஒருவர், "ஐயா, அடிபட்டுவிடும், ஓரமாக உட்காருங்கள்" என்றார். அன்புடன் சொன்ன சொல்தான். எனினும் மறுநாளே மட்டை பரண்மேல் ஏறிவிட்டது. ஈராண்டுக்குள் நீரிழிவும் முழங்கால் வலியும் அவரைத் திண்ணையோடு பிணைத்துவிட்டன. இக்கதை பல வீடுகளிலும் நிகழ்வதேயாகும்.

இதற்கு மாற்று உண்டா? அமெரிக்க நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். சிகாகோ நகரில் 1887-ஆம் ஆண்டு ஜார்ஜ் ஹான்காக் என்பவர், குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிப் பந்தாகக் கட்டி, ஒரு கூடத்திற்குள்ளேயே ஆடத் தொடங்கிய ஆட்டமே பின்னர் மென்பந்து எனப்படும் சாஃப்ட்பால் ஆயிற்று. நம் நாட்டிலும் 1961-இல் இதற்கென ஒரு சங்கம் ஏற்பட்டது.

புளோரிடா மாநிலத்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், 1930-இல் ஈவ்லின் ரிட்டன்ஹவுஸ் என்னும் அம்மையார் முதியோருக்கென்றே ஒரு மென்பந்துக் கழகத்தைத் தோற்றுவித்தார். அதில் சேர 75 வயது நிரம்பியிருத்தல் வேண்டும்! ஆகவே அதற்கு முக்கால் நூற்றாண்டுக் கழகம் என்று பெயர். கிட்ஸ், கப்ஸ் என இரு அணிகள். அதாவது குழந்தைகளும் குட்டிகளும். இவ்வாறு ஓர் ஊரில் தோன்றிய முயற்சி பின்னர்ப் பல ஊர்களிலும் பரவிற்று. 1988-இல் நாடு தழுவிய முதியோர் மென்பந்து அமைப்பு ஒன்று உருவாயிற்று. இன்று 50, 55, 60 என்று ஐந்தைந்து வயதாகப் பிரித்து, 80-ஐக் கடந்தோருக்கும் தனிப் போட்டி நடத்துகின்றனர்.

இவ்வளர்ச்சிக்குக் காரணம் உடல் வலிமை அன்று. விதிகளை வயதுக்கேற்ப மாற்றியமைத்த அறிவேயாகும். பந்தை மெதுவாக, வளைவாகவே வீசுதல் வேண்டும். ஓடி வருபவரும் பந்தைப் பிடிப்பவரும் மோதிக்கொள்ளாதபடி இறுதி இலக்கில் ஓடுபவருக்குத் தனிப் பலகை வைக்கின்றனர். அடித்தவருக்குக் கால் வலித்தால் அவருக்காக மற்றொருவர் ஓடலாம். மனிதரை ஓரமாக உட்கார வைக்கவில்லை. விதியையே சற்று நகர்த்தி வைத்தனர். நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

இதற்கு மென்பந்தே வேண்டுமென்பதில்லை. தஞ்சையில் 1856-ஆம் ஆண்டளவில் அரச குடும்பத்தார் ஆடியதாகக் கூறப்பெறும் பூப்பந்தாட்டம் நமக்குண்டு. 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள இடம் போதும். 30 கிராமுக்கு மேற்படாத கம்பளிப் பந்து, பக்கத்திற்கு ஐவர். முதியோருக்காக ஆட்டப் புள்ளிகளைக் குறைக்கலாம், நடுவில் ஓய்வளிக்கலாம், ஆள் மாற்றிக்கொள்ளலாம்.

இடமேது என்பீர்கள். அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் 2006 முதல் 2011 வரை ஊராட்சிதோறும் விளையாட்டுத் திடல்கள் அமைக்கப்பெற்றன. அவற்றுள் சில பதிவேட்டில் மட்டுமே திடலாக இருக்கின்றன. அண்மையில் ஒன்றைப் பார்வையிடச் சென்றேன். கட்டடக் கழிவும் பழுதடைந்த வண்டிகளுமே ஆடிக்கொண்டிருந்தன! மனை விலை ஏறிவரும் இப்பகுதியில், ஆள் நடமாட்டமற்ற பொதுநிலம் நெடுநாள் பொதுநிலமாக இராது. நாள்தோறும் காலை 6 மணிக்குப் பத்துப் பெரியவர்கள் கூடும் திடலை ஆக்கிரமிக்க எவரும் துணியார். வேலியைவிட அதுவே வலிய காவல்.

65 வயதைக் கடந்தோர் வாரத்திற்கு 150 நிமிடமேனும் உடல் உழைப்பு மேற்கொள்ளல் வேண்டும் என்றும், தடுமாறி விழாதிருக்க உடற்சமநிலைப் பயிற்சி வாரம் மூன்று நாள் தேவை என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியுள்ளது. ஆயினும் ஆடத் தொடங்குமுன் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டாயம் பரிசோதித்துக் கொள்ளுங்கள். 2021-இல் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவத் திட்டப் பணியாளர்கள் இதற்கு உதவுவார்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். அடுப்படியில் நின்றதே உடற்பயிற்சி என்று ஒதுங்கிவிடாதீர்கள். உங்களுக்கென ஓர் அணியும் ஒரு வேளையும் ஒதுக்கப்பட வேண்டும்.

பெரியோர்களே! பெரும் நிதியோ விழாவோ இப்போது வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு வலை, குறித்த நாள், குறித்த நேரம் ஆகியவை போதும். இரண்டு ஊர்களில் அணிகள் அமைந்துவிட்டால் போட்டி தானே பிறக்கும். நான்கு ஊர்கள் சேர்ந்தால் அதுவே தொடர்போட்டியாகும்.

இக்கூட்டம் கலையுமுன் பத்துப் பெயர்கள் வேண்டும். முதற் பெயரை நானே எழுதிவிட்டேன். அது என் தந்தையாருடையது. அவருக்கு இப்போது 74 வயது. மட்டையை நேற்றுத்தான் பரணிலிருந்து இறக்கினோம். இன்னும் ஒன்பது பேர் முன்வருவீர்களாக!